டக் என்று ஒரு சத்தம்: காரின் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் தெருமுனையில் சாக்கடைமேல் போட்ட சிமெண்ட் பலகை ஒன்று உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. கோத்தகிரியில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. சென்ற ஆண்டு ஜூலை மழையில், அந்தப் பலகைமேல் இடது முன்சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் காரின் அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. பதினொரு வயதான சிறிய கார். வயதானால் முட்டி வலிக்கத்தானே செய்யும் என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். பிறகு சமவெளியில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கிப் பார்த்தவர்கள் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார்கள். முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். பில்லைக் கட்டிவிட்டு மலையேறினேன். தெருமுனையில் அதே பலகை, அதே ‘டக்’.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போனேன். தகரக் கொட்டகை, ஒரு குழி, இரண்டு ஜாக்கி, அவ்வளவுதான் அவருடைய பட்டறை. முன்பக்கம் இடது பக்கத்தில் சத்தம் வருகிறது என்று சொல்லத் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கே வருகிறது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் சார். எப்போது வருகிறது, அதைச் சொல்லுங்கள்.”

“பள்ளத்தில் விழும்போது வருகிறது அண்ணா.”

“இரண்டு சக்கரமும் ஒன்றாக விழும்போதா, ஒன்று மட்டும் விழும்போதா?”

எனக்குத் தெரியவில்லை. “பள்ளிக்கூடத்து வேகத்தடைமேல் நேராக ஏற்றி இறக்கிவிட்டு வாருங்கள்” என்று அனுப்பினார். போனேன். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சத்தமே இல்லை. திரும்பி வந்து சொன்னதும், குனிந்துகூடப் பார்க்காமல் “லிங்க் ராட்” என்றார். அதுதான். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கம்பி. ஷாக் அப்சார்பருக்கு நான் கொடுத்த பணத்தில் அப்படிப் பல கம்பிகள் வாங்கியிருக்கலாம்.

அவர் மந்திரம் எதுவும் செய்யவில்லை என்பது, காரின் முன்பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்தால் புரிந்துவிடும். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் சக்கரத்தைத் திருப்பும் பாகங்கள். நீலகிரி மலை ரயிலில் போனவர்கள், கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். என்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டுதான் குன்னூர் வரை ஏறுகிறது. 1899 முதல் அப்படித்தான். உங்கள் காரின் ஸ்டீயரிங்கிலும் இதே ஜோடி இருக்கிறது. வேலைதான் தலைகீழ். மலை ரயிலில் சட்டம் அசையாமல் கிடக்க, பல்சக்கரம் அதன்மேல் ஏறிப் போகிறது. காரில் சிறிய பல்சக்கரம் இருந்த இடத்திலேயே சுழல, பற்சட்டம் இடமும் வலமுமாக நகர்கிறது. அந்தச் சட்டத்துக்குத்தான் ரேக் என்று பெயர். அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கம்பி. அந்தக் கம்பி போய்ச் சக்கரத்தைத் தள்ளுகிறது, இழுக்கிறது. கம்பியின் உள்முனை மூட்டு ரேக் எண்ட், வெளிமுனை மூட்டு டை ராட் எண்ட். கைச்சக்கரத்தை 15 முதல் 20 டிகிரி திருப்பினால் ரோட்டில் உள்ள சக்கரம் சுமார் ஒரு டிகிரிதான் திரும்பும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

அடுத்தது சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள். 1940களில் ஏர்ல் மாக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த ஏற்பாடுதான் இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து நிற்கும். தூணின் தலை பானட்டுக்கு அடியில் ஒரு ரப்பர் மவுண்டில் பொருந்தியிருக்கும். அதற்குள் ஒரு பேரிங் இருப்பதால் தூண் மொத்தமும் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும். தூணின் கால்பக்கத்தை லோயர் ஆர்ம் என்ற கை பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கை காரின் உடலோடு சேரும் இடத்தில் புஷ்கள் என்ற ரப்பர் வளையங்கள், சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட்.

பால் ஜாயிண்ட் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தோள்மூட்டைப் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்தோமே, அதேதான். கிண்ணத்துக்குள் எஃகுப் பந்து, இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான உள்ளுறையும் கிரீஸும், மேலே மூடியதுபோல ஒரு ரப்பர் உறை. டை ராட் எண்டும் இதே ரகம்தான். லிங்க் ராட்டின் முனைகளும் பெரும்பாலான கார்களில் இதே ரகம்தான். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டால் அதைத்தான் பட்டறையில் ‘பிளே’ என்கிறார்கள். நான் ஆட்டம் என்றே எழுதுகிறேன்.

இப்போது அந்த லிங்க் ராட். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் ஒரு பக்கமாகச் சாய்கிறதல்லவா? அந்தச் சாய்வைக் குறைக்க இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்கே ஒரு வளைந்த கம்பி இணைக்கிறது. ஸ்டெபிலைசர் பார் என்பது அதுதான். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் முறுக்கு கிடையாது. கம்பி சும்மா மேலே போய்க் கீழே வரும். இந்தக் கம்பியின் முனையைச் சக்கரத்துப் பக்கம் கோப்பதுதான் லிங்க் ராட். அது தேய்ந்திருந்தால், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது தட்டும். வேகத்தடைமேல் நேராக ஏறினால் பெரும்பாலும் வாயைத் திறக்காது. ஷாக் அப்சார்பரோ அதன் மேல் மவுண்டோ கெட்டிருந்தால் வேகத்தடையிலும் சத்தம் வந்திருக்கும். மெக்கானிக் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதன் கணக்கு இவ்வளவுதான்.

எங்கே என்று கேட்பதில் ஏன் பலன் குறைவு? காரின் அடித்தளம் மெல்லிய தகடு, கிட்டத்தட்ட ஒரு மத்தளம். இடது முனையில் தட்டினால் நடுவில் அதிரும். வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது கால்மிதிக்குக் கீழே கேட்கும். காதை நம்பி இடத்தைச் சொன்னால் பாதி நேரம் தவறிப்போகும். சத்தம் வந்த கணத்தில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதில் அந்த ஏமாற்று இல்லை. பிரேக்கா, திருப்பமா, பள்ளமா, நேர்ச்சாலையா? ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மூட்டின்மேல் சுமை விழுகிறது. சுமை மாறும் கணத்தில்தான் ஆட்டம் உள்ள மூட்டு தட்டும்.

இந்த வகையில் மலைச்சாலை நல்ல பரீட்சை மண்டபம். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து தலைகுந்தா வழியாக மசினகுடி இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. ஆனால் இந்தப் பரீட்சையில் எல்லாப் பாடத்துக்கும் கேள்வி வராது. சில குறைகளை மலை காட்டிக்கொடுக்கும், சிலவற்றை மூடி மறைக்கும்.

முக்கியமாக மறைப்பது ஸ்டீயரிங்கின் நடு ஆட்டத்தை. வளைவில் போகும்போது டயரை ரோடு ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டிருப்பதால், தேய்ந்த மூட்டின் இடைவெளி ஒரே பக்கமாக ஒட்டி மூடிக்கொள்கிறது. ஓட்டுபவருக்கு எல்லாம் கச்சிதமாக இருப்பதுபோல் தோன்றும். அதே வண்டி மேட்டுப்பாளையம் தாண்டிக் காரமடைப் பக்கம் நேர்ச்சாலைக்கு வந்ததும் பக்கவாட்டுச் சுமை போய்விடும். மூட்டு இரண்டு சுவர்களுக்கும் நடுவே மிதக்கும். கைச்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் சட்டென்று திரும்பும். வண்டி தானாக அலைபாயும். மலையில் நன்றாகத்தான் ஓடியது, கீழே வந்ததும்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வது இதனால்தான். வண்டிக்குக் கீழே ஒன்றும் ஆகவில்லை, மேலேயே ஆகியிருந்தது.

சக்கரம் பேலன்ஸ் இல்லாமல் இருப்பதும் இப்படித்தான். அந்த நடுக்கம் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டித்தான் கைக்குத் தெரியும். கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவே யார் 80-இல் போகிறார்கள்? போகக் கூடாது என்பது வேறு விஷயம்.

நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் ரோட்டைப் பாருங்கள். மழைநீர் வடிய ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்தித்தான் போடுகிறார்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் எல்லா வண்டியும் இலேசாக இடப்பக்கம் சரியும். அதற்கும் மேல் இழுத்தால், இரண்டு முன்டயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். ஒரே திசையில் மட்டும் சுழலவேண்டிய, பக்கத்தில் அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இந்த மாற்றல் வேண்டாம்.

மலை காட்டிக்கொடுப்பவை கொண்டை ஊசி வளைவில் வரிசையாக வரும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலேட்டரை மிதித்து ஏறும்போது சக்கரத்துப் பக்கமிருந்து ‘கட கட கட’ என்று, சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் சத்தம் வந்தால், அது சஸ்பென்ஷனே இல்லை. என்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் வெளி மூட்டு. சிவி ஜாயிண்ட் என்பார்கள். இதைப் பால் ஜாயிண்ட் என்று நினைத்து மாற்றிவிட்டு விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு ‘டொய்ங்’ என்று துள்ளுகிறதா? தூணின் தலையிலுள்ள பேரிங் இறுகியிருக்கிறது. ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்மேல் கை வைத்தால் அந்தத் துள்ளல் உள்ளங்கையில் தெரியும்.

வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் அப்படியே நின்றால், எங்கோ ஒரு மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம். தேய்மானம் என்றாலே தளர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறோம். பாதி வருடம் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் எங்கள் ஊரில் துருப்பிடித்து இறுகுவதும் அதே அளவுக்கு நடக்கிறது. கைச்சக்கரத்தைச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இறுகி, இரண்டு முறை இளகினால், ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள குறுக்கு மூட்டு துருவேறியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். யாராவது ரேக்கை அளவுக்கு மீறி முடுக்கி வைத்திருந்தாலும் திரும்பாது. ஆட்டத்தை மறைக்க ரேக்கின் நட்டை முடுக்கிக் கொடுப்பது ஒரு கெட்ட பழக்கம், அனுமதிக்காதீர்கள்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ‘டொக்’ என்று ஒரே ஒரு அடி, ரிவர்ஸில் வந்து பிரேக் மிதித்தால் இன்னொரு அடி என்றால் லோயர் ஆர்மின் புஷ்ஷைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகர்ந்து போய் இரும்பில் இடிக்கிறது. கூடவே வண்டி ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். மலை இறங்கும்போது பிரேக் மிதித்தால் மட்டும் கைச்சக்கரம் நடுங்குகிறது, மிதியை விட்டால் நின்றுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் பிரேக் டிஸ்க். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்காமல் பர்லியார் வரை பிரேக்கிலேயே இறங்கினால் டிஸ்க் என்ன பாடுபடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

காது வேலை முடிந்தது. இனி கை வேலை. நீலகிரியில் இதற்கு முதல் தடங்கல், மட்டமான இடம் கிடைப்பது. எங்கள் வாசலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் அரவேணுவில் போய் எடுத்துக்கொள்ளலாம். மட்டமான இடம் கிடைக்கும்வரை ஜாக்கியைத் தொடாதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. ஒரு நிமிட வேலைதானே என்று நுழைபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு ஜாக்கியே வேண்டாம். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே செய்வது. என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை மட்டும் விடுவிக்க வேண்டும். என் மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, கைச்சக்கரத்தை இடமும் வலமுமாகக் கடிகாரத்தில் சில நிமிட அளவுக்கு மட்டும், சீராக, நிறுத்தாமல் ஆட்டச் சொன்னேன். சக்கரத்தை ஏற்கெனவே ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்திருந்ததால் டயருக்குப் பின்னால் கை நுழைய இடம் இருந்தது. டை ராட் எண்டின்மேல் இரண்டு விரல்களை வைத்தேன். ஒன்று கம்பிமேல், ஒன்று அது சேரும் இரும்புக் கைமேல். நல்ல மூட்டாக இருந்தால் இரண்டு விரலும் ஒன்றாக நகரும். இடப்பக்கம் அப்படித்தான் இருந்தது. வலப்பக்கம் வைத்தேன். கம்பி நகர்ந்தது, ஒரு இமைப்பொழுது கழித்துத்தான் அந்த இரும்புக் கை நகர்ந்தது. நடுவே ஒரு சிறிய ‘டிக்’. அது காதுக்குக் கேட்கவில்லை, விரலுக்குக் கேட்டது. நாடி பார்ப்பதுபோல என்று சொன்னால் மிகையில்லை.

“அப்பா, இன்னும் ஆட்ட வேண்டுமா? கை வலிக்கிறது” என்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன். லிங்க் ராட்டுக்காகப் படுத்த நான் டை ராட் எண்டைக் கண்டுபிடித்துக்கொண்டு எழுந்தேன். வண்டிக்கு அடியில் ஒரு முறை படுத்தால் தேடாததும் கிடைக்கும்.

விரல் வைக்கும்போது அந்த ரப்பர் உறையையும் தடவிப் பாருங்கள். என் வலப்பக்க உறையில் ஒரு வெடிப்பு இருந்தது, நகத்தின் அகலம்கூட இல்லை. பிதுக்கினால் கிரீஸ் வரவில்லை, செங்காவிச் சேறுபோல ஒன்று வந்தது. உள்ளே போன மழைத்தண்ணீர், துரு, மிச்சக் கிரீஸ் மூன்றும் சேர்ந்த குழம்பு. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அதுதான் இத்தனை நாளும் உப்புத்தாள்போல ராவிக்கொண்டிருந்திருக்கிறது. மூட்டுகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். முதலில் உறை கிழியும், பிறகு மற்றதெல்லாம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டீயரிங் இணைப்பின் பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்கவேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. எழுதியவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார் போலிருக்கிறது. அதே விதி கைச்சக்கரத்தின் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் நடுவே உள்ள தூரம் அது. என்னைக் கேட்டால் ரேக் உள்ள காருக்கு அது மிகத் தாராளம். முன்னே சொன்ன கணக்குப்படி ரோட்டில் உள்ள சக்கரம் ஒன்றரை, இரண்டு டிகிரி தன்னிச்சையாகத் திரும்பலாம் என்றாகிறது. அப்படி ஒரு வண்டியில் கல்லட்டி இறங்க நான் வரமாட்டேன்.

அடுத்து சக்கரத்தைத் தூக்கிச் செய்யும் சோதனை. டயரைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 9 மணியிலும் 3 மணியிலும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட், ரேக் எண்ட் ஆகியவற்றின் ஆட்டம் தெரியும். ஸ்டீயரிங்கை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் சும்மா திரும்புவதையே ஆட்டம் என்று நினைத்துவிடுவோம். வெளி மூட்டு அசையாமல் இருந்தும் ஆட்டம் தெரிந்தால், ரேக்கின் முனையில் உள்ள துருத்திபோன்ற ரப்பரை அமுக்கி உள்ளே இருக்கும் மூட்டைத் தொட்டுக்கொண்டே ஆட்டச் சொல்லுங்கள். ரேக் எண்டின் ‘டிக்’ அங்கே கிடைக்கும். 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். எது என்று பிரிக்க ஒரு எளிய தந்திரம்: உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் இரும்பும் ஒன்றாக இறுகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் அடங்கிப்போகிறது.

பால் ஜாயிண்ட்டில் மட்டும் கையை முழுதாக நம்ப முடியாது. லோயர் ஆர்முக்கும் சக்கரம் சேரும் இரும்புக்கும் நடுவே ஒரு நெம்புகோலைக் கொடுத்து மெல்ல நெம்பிப் பார்க்க வேண்டும். ரப்பர் உறையைக் குத்திவிடாமல் நெம்புவது ஒரு கலை. எங்கள் மலையில் நிறைய ஓடும் ஜீப் வகைப் பெரிய வண்டிகளில் சுமையை லோயர் ஆர்மே தாங்கினால், உடலைத் தூக்கிவிட்டு ஆட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. சுமை மூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால்தான் உண்மை வெளிவரும்.

பேரிங்குக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தூக்கிய சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிவிட்டு மறு கையை ஸ்பிரிங்மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கையில் ஏறும். ஓடும்போது ‘ஊம்’ என்ற முனகல் இடப்பக்கம் திரும்பினால் கூடுகிறது என்றால் வலது பேரிங்கைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல்தான் விழும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையில்லாமல் அதிகம் மாற்றப்படுவது அதுதான் என்பது என் அனுபவம். பெயரே தவறு. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிக்கொண்டபின் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும் ஸ்பிரிங்கை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. உள்ளே எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளி அந்த ஆட்டத்தின் வேகத்தைத் தின்கிறது. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் எழுந்து ஒரு முறை அடங்க வேண்டும், இரண்டு மூன்று முறை ஆடினால் போயிற்று என்பது எல்லாரும் செய்யும் சோதனை. அதில் முழுக்கச் செத்தது மட்டும்தான் தெரியும், அரை உயிராக இருப்பது தெரியாது. தண்டின்மேல் எண்ணெய் வழிந்து தூசி அப்பிக் கிடக்கிறதா என்று பார்ப்பது மேல். இலேசான ஈரப்படலம் குறை இல்லை. வழிவதுதான் குறை.

டயரையும் படியுங்கள். ஓட்டுபவர் மறந்ததை டயர் எழுதி வைத்திருக்கும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம். இவற்றுக்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் கோணம் மாறியிருக்கிறது. உள்ளங்கையை டயரின்மேல் குறுக்கே, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம்போல உரசினால் இரண்டு சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஷாக் அப்சார்பரையும் பேலன்ஸையும் பார்க்க வேண்டும்.

டயர் ஒரு ஓரம் தேய்ந்ததைப் பார்த்ததும் நேரே அலைன்மெண்ட் கடைக்குப் போகாதீர்கள். ஆட்டம் உள்ள மூட்டை வைத்துக்கொண்டு கோணத்தைச் சரிசெய்வது ஆடுகிற மேசையில் தராசை வைப்பதுபோல. கருவியின் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். கடை வாசலைத் தாண்டி முதல் பள்ளத்தில் விழுந்ததும் பழைய கதை. முதலில் மூட்டுகள், புஷ்கள். அலைன்மெண்ட் கடைசியில். டை ராட் எண்டோ ரேக் எண்டோ மாற்றினால் அலைன்மெண்ட் கட்டாயம் செய்யவேண்டும். லிங்க் ராட்டுக்குத் தேவையில்லை.

பட்டறையில் பக்கத்தில் நிற்க முடிந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ் மாற்றும்போது, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே போல்ட்டை இறுதியாக முடுக்கிவிடுவார்கள். பிறகு வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே போக, உள்ளே ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். புதிய புஷ் சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் பட்டு வண்டியின் எடை இறங்கியபிறகுதான் கடைசி முடுக்கு. எங்கள் மெக்கானிக் இதற்காகவே குழி வெட்டி வைத்திருக்கிறார்.

எதற்கு அவசரம், எது பொறுக்கும் என்று கேட்பீர்கள். பால் ஜாயிண்ட்டிலோ டை ராட் எண்டிலோ கையில் தெரியும் ஆட்டம் இருந்தால் வண்டியை மலை இறக்காதீர்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் சாய்ந்து விழும். டை ராட் எண்ட் கழன்றால் கைச்சக்கரம் சொல்வதை ஒரு சக்கரம் கேட்காது. அதற்கு மேட்டுப்பாளையம் வரை போக நினைக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைப்பதே நல்லது. நானும் அப்படித்தான் செய்தேன். புஷ் கிழிந்திருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள், பிரேக்கில் இழுத்தால் உடனே. லிங்க் ராட் சத்தம் போடும், பெரிதாகக் கெடுதல் செய்யாது. சில வாரம் பொறுக்கும்.

போன மாதத்திலிருந்து வலது லிங்க் ராட் தட்டத் தொடங்கியிருக்கிறது. பலகைமேல் இப்போது வலது சக்கரத்தை ஏற்றினால்தான் ‘டக்’. மெக்கானிக்கிடம் சொன்னேன். “அன்றைக்கே இரண்டையும் மாற்றுங்கள் என்றேன் சார், நீங்கள்தான் ஒன்று போதும் என்றீர்கள்” என்றார்.